ஊழியர் போட்ட பதிவுக்கு முதலாளி பொறுப்பா? சமூக ஊடகமும் வேலையிடச் சட்டமும், அடிப்படையிலிருந்து

"என் சம்பளத்தை வாங்கிக்கொண்டு என் கம்பெனியைப் பற்றியே ஃபேஸ்புக்கில் எழுதுகிறானா, நாளைக் காலையில் கணக்கு முடித்து அனுப்பிவிடு." இது ஒரு வகை முதலாளி. "அது அந்தப் பெண்ணின் சொந்த அக்கவுண்ட், ராத்திரி வீட்டில் உட்கார்ந்து போட்டது, நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" இது இன்னொரு வகை. சிறுதொழில் நடத்துபவர்களிடமும் ஹெச்.ஆர். வேலை பார்ப்பவர்களிடமும் இந்த இரண்டு பேச்சையும் சகஜமாகக் கேட்கலாம், சில சமயம் ஒரே ஆளிடமே, ஒரே வாரத்தில். இரண்டிலும் பாதி சரி, பாதி தப்பு. எந்தப் பாதி எது என்று தெரியாமல் முடிவெடுப்பதால்தான் சாதாரணப் பதிவு ஒன்று லேபர் கோர்ட் வரை போகிறது.

இந்தக் கட்டுரை இந்தியச் சட்டத்தை வைத்து, முக்கியமாகத் தமிழ்நாட்டில் ஆள் வைத்து வேலை வாங்குபவர்களை மனதில் வைத்து எழுதியது. வக்கீலிடம் போக வேண்டிய நேரத்தில் வக்கீலிடம்தான் போக வேண்டும். போவதற்கு முன்னால் என்ன கேள்வி கேட்பது என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

## முதலில், அப்படி ஒரு சட்டமே கிடையாது

"சோஷியல் மீடியா சட்டம்" என்று எல்லோரும் பேசுகிறார்கள். அந்தப் பெயரில் இந்தியாவில் தனிச் சட்டம் எதுவும் இல்லை. நெருங்கி வந்த ஒன்று, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு. எரிச்சலூட்டும் செய்தி, மனம் புண்படும் செய்தி என்று எதை வேண்டுமானாலும் இதற்குள் அடைத்து மூன்று வருடம் வரை சிறைக்கு அனுப்பலாம் என்ற அளவுக்கு அகலமாக எழுதப்பட்டிருந்தது. 2012இல் மும்பை பந்த் பற்றி ஃபேஸ்புக்கில் எழுதிய ஒரு இளம்பெண்ணையும், அதற்கு லைக் போட்ட தோழியையும் பால்கரில் கைது செய்தார்களே, அதில் வந்த பிரிவுதான். ஷ்ரேயா சிங்கல் வழக்கில் 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அதை மொத்தமாக ரத்து செய்துவிட்டது. அதற்குப் பிறகும் பல காவல் நிலையங்கள் அதே பிரிவில் வழக்குப் போட்டுக்கொண்டிருந்ததால் 2022இல் மறுபடியும் உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. இன்றைக்கும் யாராவது "66ஏ-வில் உள்ளே தள்ளிவிடுவேன்" என்று மிரட்டினால் அவர் பத்து வருடத்துக்கு மேல் பின்தங்கியிருக்கிறார் என்று அர்த்தம்.

அப்படியானால் என்ன சட்டம் பாய்கிறது? ஏற்கெனவே இருக்கிற சாதாரணச் சட்டங்கள்தான். அவதூறுக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு (2024 ஜூலை 1க்கு முன் இது இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500). பெண் ஊழியருக்குத் தொந்தரவு என்றால் 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், பேச்சுவழக்கில் போஷ் சட்டம். பொய் விளம்பரம் என்றால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். ரீல்ஸில் சினிமாப் பாட்டைப் போட்டால் பதிப்புரிமைச் சட்டம் (காப்பிரைட்). ஆளை வேலையைவிட்டு நீக்கினால் தொழிலாளர் சட்டங்கள். அதனால் ஒரு பதிவைப் பார்த்ததும் "இது சோஷியல் மீடியா சட்டப்படி தப்பா?" என்று கேட்டால் பதில் கிடைக்காது. இதையே ஒருவர் நோட்டீஸ் போர்டில் எழுதி ஒட்டியிருந்தால் எந்தச் சட்டம் வரும் என்று யோசித்தால் முக்கால்வாசி பதில் வந்துவிடும்.

## டெலிவரி வண்டி

முதலாளியின் பொறுப்பைப் புரிந்துகொள்ள ஒரு டெலிவரி வண்டியை எடுத்துக்கொள்வோம். உங்கள் கடைப் பெயர் எழுதிய வண்டி, உங்கள் டிரைவர். சரக்கு இறக்கப் போகும்போது அவர் ஒருவர் மேல் மோதிவிட்டார். அடிபட்டவர் நஷ்டஈடு கேட்டு டிரைவரிடம் மட்டுமல்ல, உங்களிடமும் வரலாம். நீங்கள் வண்டியில் இல்லை, மெதுவாகப் போகச் சொல்லித்தான் அனுப்பினீர்கள், ஆனாலும் வரலாம். ஏனென்றால் அவர் உங்கள் வேலையைச் செய்துகொண்டிருந்தார். இதற்குச் சட்டத்தில் பிறர்செயல் பொறுப்பு என்று பெயர்: வேலையின் போக்கில் ஊழியர் பிறருக்குச் செய்த கெடுதலுக்கு வேலை கொடுத்தவரும் பதில் சொல்வது.

அதே டிரைவர் ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குத் தெரியாமல் வண்டியை எடுத்துக்கொண்டு மச்சினன் கல்யாணத்துக்குப் போய் மோதினால்? வண்டி உங்களுடையது, டிரைவர் உங்களுடையவர், ஆனால் வேலை உங்களுடையது இல்லை. மோட்டார் வாகன இன்ஷூரன்ஸ் விவகாரம் தனி, அதை விடுங்கள். பிறர்செயல் பொறுப்பு என்ற கொள்கைப்படி பார்த்தால் இங்கே உங்கள் பக்கம் வாதம் பலமாக இருக்கும்.

இப்போது வண்டிக்குப் பதில் போன். கம்பெனியின் இன்ஸ்டாகிராம் பக்கத்தை நடத்தும் பையன், போட்டிக் கம்பெனியின் எண்ணெயில் கலப்படம் என்று ஆதாரம் இல்லாமல் ஒரு போஸ்ட் போடுகிறார். சரக்கு இறக்கப் போன வண்டி இதுதான், வழக்கு உங்கள் பெயருக்கே வரும். "நான் சொல்லவில்லை, அவனாகப் போட்டான்" என்பது எடுபடாது, பக்கத்தை நடத்துவதுதானே அவர் வேலை. அதே பையன் தன் சொந்தப் பக்கத்தில் பக்கத்து வீட்டுக்காரரைத் திட்டி எழுதினால் அது கல்யாணத்துக்குப் போன வண்டி.

சிக்கல் நடுவில் இருக்கிற வண்டிகளில். சேல்ஸ் மேனேஜர் தன் சொந்த லிங்க்ட்இன் பக்கத்தில், உங்கள் கம்பெனிப் பெயரும் பதவியும் போட்டுக்கொண்டு, உங்கள் பொருளை விற்பதற்காகப் போட்டியாளரைப் பற்றிப் பொய் எழுதுகிறார். அக்கவுண்ட் அவருடையது, ஆனால் வேலை உங்களுடையது. இங்கே "சொந்த அக்கவுண்ட்" என்ற வாதம் பெரிதாகக் காப்பாற்றாது. நீதிமன்றம் பார்ப்பது பதிவுக்கும் வேலைக்கும் எவ்வளவு நெருக்கமான தொடர்பு என்பதை. அக்கவுண்ட் யார் பெயரில் இருக்கிறது, எத்தனை மணிக்குப் போட்டார் என்பதெல்லாம் அந்தத் தொடர்பைக் காட்டும் அடையாளங்கள் மட்டுமே.

இதற்கு நல்ல உதாரணம் இங்கிலாந்தின் மாரிசன்ஸ் சூப்பர்மார்க்கெட் வழக்கு. கம்பெனி மேல் வன்மம் வைத்திருந்த உள் தணிக்கையாளர் ஒருவர், சுமார் 1 லட்சம் ஊழியர்களின் சம்பள விவரங்களை 2014இல் இணையத்தில் போட்டுவிட்டார். அந்தத் தகவல் அவர் கைக்கு வந்ததே அலுவலக வேலைக்காகத்தான். ஊழியர்கள் கம்பெனி மேல் வழக்குப் போட்டார்கள், கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் கம்பெனி பொறுப்பு என்றன. 2020இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பியது: அவர் செய்தது கம்பெனி வேலை இல்லை, கம்பெனியைப் பழிவாங்கும் சொந்த வேலை, அதனால் கம்பெனி பொறுப்பாகாது என்றது. நம் உச்ச நீதிமன்றமும் 1978இல் ஸ்டேட் பாங்க் எதிர் ஷ்யாமா தேவி வழக்கில் இதே தடத்தில்தான் போனது. வாடிக்கையாளர் தரப்பு நண்பர் என்ற முறையில் வங்கி ஊழியரிடம் கொடுத்த பணத்தை அவர் கையாடியதற்கு வங்கி பொறுப்பல்ல என்றது. ஒரு எச்சரிக்கை: மாரிசன்ஸ் தீர்ப்பைப் படித்துவிட்டு "தகவல் கசிந்தால் நமக்குப் பொறுப்பில்லை" என்று யாரும் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். தகவலைப் பத்திரமாக வைக்காத குற்றச்சாட்டு கம்பெனியின் சொந்தத் தப்பு, அதற்குப் பிறர்செயல் பொறுப்பே தேவையில்லை.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: தனிச் சட்டம் இல்லை, பழைய சட்டங்களே பாய்கின்றன. ஊழியரின் பதிவு உங்கள் வேலையின் போக்கில் வந்ததா என்பதுதான் உங்கள் பொறுப்பைத் தீர்மானிக்கும் முதல் கேள்வி.

## ஜெயிலுக்குப் போவது யார்?

மேலே சொன்னதெல்லாம் நஷ்டஈடு பற்றியது, அதாவது சிவில் பொறுப்பு. கிரிமினல் வேறு. ஒருவர் செய்த குற்றத்துக்கு இன்னொருவரைத் தண்டிப்பதில்லை என்பது அங்கே பொது விதி. சட்டமே வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் மட்டும் விதிவிலக்கு. அப்படிச் சொல்லும் ஒன்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 85ஆம் பிரிவு: அந்தச் சட்டத்தின்படி ஒரு கம்பெனி குற்றம் செய்தால் அதன் பொறுப்பில் இருந்தவரும் குற்றவாளியாகக் கருதப்படுவார், தனக்குத் தெரியாமல் நடந்தது அல்லது தடுக்க உரிய கவனம் எடுத்தேன் என்று அவர் நிரூபித்தால் தப்பலாம். நிரூபிக்க வேண்டியவர் அவர்தான். கம்பெனிப் பாலிசி, பயிற்சி, பதிவேடு என்றெல்லாம் வக்கீல்கள் வற்புறுத்துவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வாட்ஸ்அப் குரூப் அட்மின் விஷயத்திலும் இதே பயம் உண்டு. குரூப்பில் யாரோ எதையோ போட்டால் அட்மினைப் பிடிப்பார்கள் என்று கலெக்டர் ஆபீஸ் அறிவிப்பு என்ற பெயரிலேயே ஃபார்வர்டு வந்துகொண்டிருக்கும். நீதிமன்றங்கள் அப்படிச் சொல்லவில்லை. 2021இல் மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளையும், அதே ஆண்டு டிசம்பரில் கரூர் வழக்கறிஞர்கள் குரூப் சம்பந்தமான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும், 2022இல் கேரள உயர் நீதிமன்றமும், அட்மின் என்பதற்காக மட்டுமே ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்றன. ஆள் சேர்ப்பதும் நீக்குவதும் தவிர அட்மினுக்குப் பெரிய அதிகாரம் இல்லை, யார் என்ன போடப்போகிறார் என்று முன்கூட்டியே தணிக்கை செய்ய முடியாது என்பது காரணம்.

ஆனால் இந்தத் தீர்ப்புகளை ஆபீஸ் குரூப்புக்கு அப்படியே பொருத்துவதில் எனக்குத் தயக்கம் உண்டு. கேரளத் தீர்ப்பு சொன்ன காரணங்களில் ஒன்று, அட்மினுக்கும் உறுப்பினருக்கும் நடுவே எஜமான்-ஊழியர் உறவு இல்லை என்பது. ஆபீஸ் குரூப்பில் அட்மினே மேனேஜர், உறுப்பினர் அவருக்குக் கீழ் வேலை பார்ப்பவர், அந்த உறவு இருக்கத்தான் செய்கிறது. தவிர, 2022க்குப் பிறகு வாட்ஸ்அப்பில் மற்றவர் போட்டதை அட்மின் அழிக்கவே முடியும். கண்ணில் பட்டும் மேனேஜர் வாரக்கணக்கில் சும்மா இருந்தால், கிரிமினல் வழக்கு வராவிட்டாலும் ஒழுங்கு நடவடிக்கையிலும் போஷ் விசாரணையிலும் அது நிச்சயம் எழும்.

## "நான் எழுதவில்லை, ஃபார்வர்டு மட்டும்தான்"

இந்தச் சாக்கு தமிழ்நாட்டில் ரொம்பப் பிரபலமாகச் செத்துப்போனது. நடிகரும் முன்னாள் எம்.எல்.ஏ.வுமான எஸ்.வி. சேகர் 2018இல் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் ஒரு பதிவைத் தன் ஃபேஸ்புக்கில் பகிர்ந்தார். எழுதியவர் வேறு ஒருவர், தான் சரியாகப் படிக்காமலே பகிர்ந்துவிட்டதாகச் சொன்னார், நீக்கி மன்னிப்பும் கேட்டார். ஒரு செய்தியை ஃபார்வர்டு செய்வது அதை ஏற்று ஆமோதிப்பதற்குச் சமம் என்றது சென்னை உயர் நீதிமன்றம். வழக்கை ரத்து செய்ய 2023இல் உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது.

கம்பெனிப் பக்கத்திலிருந்து போடும் ஷேர், ரீபோஸ்ட் எல்லாவற்றையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். இடைநிலைத் தளம், அதாவது பிறர் போடும் செய்தியைச் சுமக்கும் ஃபேஸ்புக், வாட்ஸ்அப் போன்ற சேவைக்கு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவில் நிபந்தனைகளோடு ஒரு பாதுகாப்பு உண்டு. பகிர்கிற உங்களுக்கு அந்தக் குடை கிடையாது.

## ஊழியர் நம்மைப் பற்றியே எழுதினால்?

இதில்தான் அதிகம் கோபம், அதிகம் அவசரம், அதிகம் தப்பு. கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

2023இல் மதுரைக் கிளை தீர்த்த தமிழ்நாடு கிராம வங்கி வழக்கை ஹெச்.ஆர். துறையில் இருக்கும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். வங்கி ஊழியர் ஒருவர், தொழிற்சங்கத்திலும் சுறுசுறுப்பாக இருந்தவர், ஊழியர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் மேலதிகாரிகளைக் கிண்டல் செய்து சில பதிவுகள் போட்டார். வங்கி சார்ஜ் மெமோ கொடுத்தது (இன்ன தப்பு செய்தாய், விளக்கம் சொல் என்று எழுத்தில் கொடுக்கும் குற்றச்சாட்டு). நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அந்த மெமோவை ரத்து செய்தார். நிர்வாகத்தின் மேல் மனக்குறை இல்லாத ஊழியர் எங்கே இருக்கிறார், அதைக் கொட்டித் தீர்க்க ஒரு இடம் இருப்பது நிறுவனத்துக்கே நல்லது, அதனால் நிறுவனத்தின் பெயர் கெடும் நிலை வந்தால் நிர்வாகம் தலையிடலாம், அதுவரை வேண்டாம் என்பது தீர்ப்பின் சாரம். நாலு பேர் நேரில் கூடிப் பேசினால் நடவடிக்கை எடுக்க மாட்டோம் என்றால், வெளியாள் பார்க்க முடியாத ஒரு குரூப்பில் அதே பேச்சு நடந்தால் மட்டும் ஏன் எடுக்க வேண்டும் என்பது அதன் தர்க்கம். குரூப்புக்குள் நடப்பதே குற்றச்செயல் என்றால் இந்தப் பாதுகாப்பு இல்லை.

இதிலிருந்து முதலாளி எடுத்துக்கொள்ள வேண்டியது, பதிவின் சூட்டைப் பார்க்காமல் அது எங்கே, யார் கண்ணில் படும்படி போடப்பட்டது என்று முதலில் பார்ப்பது. சக ஊழியர்கள் மட்டும் இருக்கும் மூடிய குரூப்பில் "எங்க மேனேஜர் ஒரு தண்டம்" என்பது ஒன்று. கம்பெனியை டேக் செய்து, வாடிக்கையாளர்கள் பார்க்கும்படி "இவர்கள் காலாவதியான சரக்கை லேபிள் மாற்றி விற்கிறார்கள்" என்று பொய்யாகப் போடுவது வேறொன்று. இரண்டாவதில் அவதூறு வருகிறது. தனிமனிதரைப் போலவே கம்பெனியையும் அவதூறு செய்ய முடியும் என்று சட்டம் சொல்கிறது, தண்டனை இரண்டு வருடம் வரை. அதே சமயம் அவர் எழுதியது உண்மையாக இருந்தால்? சிவில் வழக்கில் உண்மை என்பதே போதுமான எதிர்வாதம். கிரிமினல் வழக்கில் உண்மையோடு பொதுநலமும் இருக்க வேண்டும். காலாவதிச் சரக்கு நிஜமாகவே விற்கப்படுகிறது என்றால் அதில் பொதுநலம் இல்லை என்று வாதாட எந்த வக்கீலுக்கும் நாக்கு கூசும்.

"பேச்சுரிமை இருக்கிறதே, அப்படியிருக்க எப்படி நடவடிக்கை எடுப்பது?" என்று ஊழியர் பக்கமிருந்து வரும் கேள்விக்கும் பதில் வேண்டும். அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு தரும் பேச்சுரிமை முதன்மையாக அரசுக்கு எதிரானது. கிராம வங்கி பொதுத்துறை என்பதால் அந்த ஊழியரால் நேராக உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு (அரசு அமைப்புகளுக்கு எதிராகப் போடும் மனு) போட முடிந்தது. 2023 ஜனவரியில் கௌஷல் கிஷோர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு பெரும்பான்மையாக, இந்த உரிமையைத் தனியாருக்கு எதிராகவும் நிலைநாட்டலாம் என்றது. ஆனாலும் தனியார் கம்பெனி ஊழியரை அன்றாடம் காப்பாற்றுவது அரசியலமைப்பைவிடத் தொழிலாளர் சட்டம்தான்.

முதலாளிகள் வழுக்கும் இடமும் அதுதான். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, 41ஆம் பிரிவு: ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ தராமலும் நீக்க முடியாது. ஒழுங்கீனத்துக்காக நோட்டீஸ் இல்லாமல் நீக்க வேண்டும் என்றால், விசாரணை நடத்தி அதில் திருப்தியான சாட்சியம் பதிவாகியிருக்க வேண்டும். அதாவது போஸ்ட் எவ்வளவு மோசமாக இருந்தாலும், "பார்த்தேன், கோபம் வந்தது, வாட்ஸ்அப்பிலேயே டெர்மினேட் செய்தேன்" என்றால் மேல்முறையீட்டில் தோற்பது நீங்கள்தான். தப்பு செய்த ஊழியர் நீக்கப்பட்டிருந்த காலத்துச் சம்பளத்தோடு திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்காரும் காட்சி பெரும்பாலும் இப்படித்தான் உருவாகிறது.

அரசு ஊழியர்களுக்குக் கதை இன்னும் இறுக்கம். நடத்தை விதிகள் அரசை வெளிப்படையாக விமர்சிப்பதைக் கட்டுப்படுத்துகின்றன. ஆனாலும் அரசு வேலையில் சேர்ந்ததால் பேச்சுரிமையே போய்விடுவதில்லை என்று 2020இல் திரிபுரா உயர் நீதிமன்றம் ஒரு ஃபேஸ்புக் பதிவு வழக்கில் சொல்லியிருக்கிறது.

இந்தப் பகுதியிலிருந்து நினைவில் வைக்க வேண்டியவை மூன்று: பதிவு எவ்வளவு பொதுவெளியில் இருந்தது, நிஜமான பாதிப்பு என்ன, நீங்கள் எந்த முறையில் நடவடிக்கை எடுத்தீர்கள். மூன்றாவதில் சறுக்கினால் முதல் இரண்டும் உங்கள் பக்கம் இருந்தும் பலன் இல்லை.

## ஆபீஸ் குரூப்பில் நடக்கும் தொந்தரவு

பெண் ஊழியருக்கு இரவில் வரும் "சாப்டியா, என்ன பண்ற" மெசேஜ், குரூப்பில் போடும் ஆபாச ஸ்டிக்கர், இன்ஸ்டாகிராம் படத்துக்குக் கீழே மேலதிகாரியின் கமெண்ட். "ஆபீஸ் நேரத்தில் நடக்கவில்லை, ஆபீஸ் கட்டடத்தில் நடக்கவில்லை" என்று இதையெல்லாம் கை கழுவும் பழக்கம் இன்னும் இருக்கிறது. போஷ் சட்டத்தில் வேலையிடம் என்பது நான்கு சுவர் இல்லை, வேலை காரணமாகப் போகும் எந்த இடமும் அதில் சேரும். 2021இல் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் ஒரு வங்கி வழக்கில் இதை இன்னும் தெளிவாக்கியது: புகார் சொன்னவரும் குற்றம் சாட்டப்பட்டவரும் வெவ்வேறு மாநிலக் கிளைகளில் இருந்தாலும், டிஜிட்டல் தளத்தில் அவர்கள் இருப்பது ஒரே வேலையிடம்தான் என்றது.

10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் எந்த நிறுவனமும் உள்ளகக் குழு அமைக்க வேண்டும். புகாரை விசாரிக்கப் பெண் தலைமையில் வெளி உறுப்பினரோடு இயங்கும் குழு அது. அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். 10 பேருக்குக் குறைவு என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு இருக்கிறது. புகார் கொடுக்க மூன்று மாதம், காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம். "குரூப்பிலிருந்து லெஃப்ட் பண்ணிடும்மா" என்று பாதிக்கப்பட்ட பெண்ணுக்கே அறிவுரை சொல்லும் மேனேஜர், தன் அறிவில் சமாதானம் செய்கிறார். சட்டத்தின் கண்ணில் புகாரை அமுக்குகிறார்.

## நம்ம பசங்களே ஐந்து ஸ்டார் போட்டால் என்ன?

இதை ஆபத்து என்று யாருமே நினைப்பதில்லை. புதுக் கிளை திறந்ததும் ஊழியர்கள் அத்தனை பேரையும் கூகுளில் ஐந்து ஸ்டார் போடச் சொல்வது சர்வசாதாரணம். 2022 ஜூனில் வந்த தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்கள், ஒரு பொருளைப் பரிந்துரைப்பவருக்கும் விற்பவருக்கும் உள்ள தொடர்பு பரிந்துரையின் நம்பகத்தன்மையைப் பாதிக்கும் என்றால் அந்தத் தொடர்பை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கின்றன. 2023 ஜனவரியில் இன்ஃப்ளூயன்சர்களுக்காக அரசு வெளியிட்ட குறிப்பில், இந்தத் தொடர்பு என்பதில் வேலை உறவும் சேரும் என்று இருக்கிறது. தவறான விளம்பரத்துக்கு அபராதம் முதல் முறை 10 லட்சம் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. உங்கள் ஊழியர் யூடியூபில் உங்கள் மிக்சியைப் புகழ்ந்து பேசலாம், "நான் இங்கேதான் வேலை பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் பேச வேண்டும், அவ்வளவுதான்.

இங்கேயே பாட்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். தனிநபர் ரீல்ஸுக்கு இன்ஸ்டாகிராம் தரும் பாட்டுப் பட்டியல் வியாபார விளம்பரத்துக்கு அனுமதி தருவதில்லை. தீபாவளி ஆஃபர் வீடியோவுக்கு ஹிட் பாட்டைப் போடுவதற்கு முன் உரிமம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

## ரகசியம் வெளியே போவது

ஆர்டர் ஷீட், வாடிக்கையாளர் பட்டியல், ஏன், பின்னால் ஒயிட்போர்டு தெரியும்படி எடுத்த பொங்கல் கொண்டாட்ட செல்ஃபி, எல்லாம் இதில் அடக்கம். ஒப்பந்தத்தின் பேரில் கிடைத்த பிறருடைய தனிப்பட்ட தகவலை, ஒப்பந்தத்தை மீறி, கெடுதல் வரும் என்று தெரிந்தே வெளியிட்டால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 72ஏ பிரிவில் மூன்று வருடம் வரை சிறை உண்டு. பங்குச்சந்தையில் பட்டியலிட்ட கம்பெனி என்றால், பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் உள்தகவல் வர்த்தக விதிகளும் (வெளியே தெரியாத கம்பெனித் தகவலை வைத்துப் பங்கு வியாபாரம் செய்வதைத் தடுப்பவை) சேரும். 2017இல் பல கம்பெனிகளின் காலாண்டு முடிவுகள் அறிவிப்புக்கு முன்பே வாட்ஸ்அப்பில் சுற்றியது தெரிந்து செபி விசாரித்து அபராதம் போட்டது. ஃபார்வர்டு செய்தவர்கள் மேல்முறையீட்டில் 2021இல் தப்பினார்கள். அந்தச் செய்தி உள்தகவல் என்று தெரிந்தே அனுப்பினார்கள் என்பதைக் காட்ட முடியவில்லை.

## எட்டிப் பார்க்கலாமா?

ஊழியர் பொதுவில் போட்டதைப் பார்ப்பதில் பெரிய தடை இல்லை. ஒருவர் தானே பொதுவில் வைத்த தகவலுக்கு 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் பொருந்தாது. போலி ஐடி வைத்து ஃப்ரெண்ட் ரிக்வெஸ்ட் கொடுத்து உள்ளே நுழைவது, நேர்காணலில் பாஸ்வேர்டு கேட்பது, ஆபீஸ் லேப்டாப்பில் லாக்-அவுட் செய்ய மறந்த சொந்த ஜிமெயிலைத் திறந்து படிப்பது, இவை வேறு ரகம். லேப்டாப் உங்களுடையது, அக்கவுண்ட் உங்களுடையது அல்ல. அனுமதியின்றி நுழைவதை தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவும், நேர்மையற்ற நோக்கத்தோடு என்றால் 66ஆம் பிரிவும் பிடிக்கும். 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்த புட்டசாமி வழக்குக்குப் பிறகு தனியுரிமை அடிப்படை உரிமை என்பதையும் மறக்க வேண்டாம்.

புதிய தகவல் பாதுகாப்புச் சட்டம் வேலை சம்பந்தமான தேவைகளுக்கும், ரகசியக் கசிவு போன்ற நஷ்டத்திலிருந்து நிறுவனத்தைக் காப்பதற்கும் ஊழியர் தகவலைத் தனிச் சம்மதம் இல்லாமல் பயன்படுத்த இடம் தருகிறது. விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன, முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம். பாதுகாப்பாக வைக்கத் தவறினால் அதிகபட்ச அபராதம் 250 கோடி ரூபாய். உங்களைப் போன்ற சிறு நிறுவனத்துக்கு அந்த உச்சம் வர வாய்ப்பு குறைவு என்றாலும், ஊழியர்களின் ஆதார் நகலை ஆபீஸ் குரூப்பில் வாங்கும் பழக்கத்தை இன்றே விடலாம்.

## ஸ்கிரீன்ஷாட் போதுமா?

உள் விசாரணைக்குப் பல சமயம் போதும், சாட்சியச் சட்டத்தின் கறார் விதிகள் அங்கே அப்படியே பொருந்தாது. ஆனாலும் ஊழியருக்கு நகல் கொடுத்து, அதை மறுக்க வாய்ப்புக் கொடுக்க வேண்டும். நீதிமன்றத்துக்குப் போனால் பாரதிய சாட்சிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் (டிஜிட்டல் ஆதாரத்தோடு தர வேண்டியது) வேண்டும், பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி-தான் இது. அந்தப் பழைய சான்றிதழே கட்டாயம் என்று 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் ஸ்கிரீன்ஷாட்டை யாருடைய போனில், என்றைக்கு, யார் எடுத்தார் என்று எழுதி வையுங்கள். அந்த போனை மாற்றிவிடவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். பதிவின் இணைப்பையும் சேமியுங்கள், வெட்டிய படம் மட்டும் இருந்தால் முன்னும் பின்னும் என்ன இருந்தது என்று எதிர்த்தரப்பு கேட்கும்.

## பாலிசி என்று ஒன்று எழுதும்போது

தயவுசெய்து அமெரிக்கக் கம்பெனி பாலிசியை டவுன்லோடு செய்து பெயரை மட்டும் மாற்ற வேண்டாம். அந்த நாட்டுத் தொழிலாளர் வாரியத்தின் பெயரோடு ஈரோட்டில் ஒரு பாலிசி இருப்பது சிரிப்பாக இருக்கும், விசாரணையில் சிரிப்பு வராது. "கம்பெனியைப் பற்றி எதுவும் எழுதக் கூடாது" என்ற ஒரே வரிப் பாலிசியும் வேலைக்கு ஆகாது. கிராம வங்கித் தீர்ப்புக்குப் பிறகு அவ்வளவு அகலமான தடை கேள்விக்கு உள்ளாகும்.

ஊழியர் படிக்கக்கூடிய தமிழில், இரண்டு பக்கத்துக்குள் எழுதுங்கள். கம்பெனி சார்பில் யார் பேசலாம், எவை ரகசியம் (பொதுவாக "எல்லாம்" என்று இல்லாமல், ரேட், வாடிக்கையாளர் பெயர், டிசைன் என்று பெயர் சொல்லி), பொருளைப் புகழும்போது வேலை உறவைச் சொல்வது, குரூப்பில் தொந்தரவு வந்தால் யாரிடம் போவது, மீறினால் என்ன விசாரணை நடக்கும். கையெழுத்து வாங்கி ஒரு நகலை அவரிடமே கொடுங்கள். அப்புறம், மேனேஜருக்கும் அதே விதி. தனக்குப் பிடித்த ஊழியர் திட்டினால் சிரித்துவிட்டு, சங்கத்தில் இருப்பவர் திட்டினால் மெமோ கொடுத்தால், அது பழிவாங்கல் என்று நிரூபிக்க அவருக்கு அந்த ஒரு வித்தியாசமே போதும்.

பாலிசியில் இல்லாத ஒரு சின்ன வேலை மிச்சம் இருக்கிறது. கம்பெனியின் ஃபேஸ்புக் பக்கத்துக்கும் கூகுள் பிசினஸ் கணக்குக்கும் இன்றைக்கு யார் யார் அட்மின் என்று திறந்து பாருங்கள். போன வருடம் சண்டை போட்டுவிட்டுப் போன டிசைனர் பெயர் அங்கே இன்னும் இருந்தால், அதை நீக்கிவிட்டு வந்து பாலிசியை எழுதுங்கள்.